கிரேக்க வீரர்கள் உண்மையிலேயே விடுதலைக்காகத்தான் போரிட்டார்களா?

கேள்வி: பொருநைவாசகன்

கி.மு. 490-இல் மாரத்தானிலும், 480-இல் தெர்மோபைலேயிலும் சலாமிஸிலும், 479-இல் பிளாட்டியாவிலும் பாரசீகப் பேரரசை எதிர்த்து நின்ற கிரேக்கர்களைப் பற்றி எங்கு படித்தாலும், அவர்கள் விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்கள் என்றே எழுதியிருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் நம்பி வந்தேன். ஆனால் இந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய ஹெரோடோட்டஸை முதலிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. பிளாட்டியாவில் நின்ற ஸ்பார்ட்டக் குடிமக்கள் 5,000 பேர். அவர்களில் ஒவ்வொருவரையும் சுற்றி ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர் நின்றார்கள் என்று அவரே கணக்குச் சொல்கிறார். ஹெலட்டுகள் என்போர் ஸ்பார்ட்டாவின் நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த அடிமை உழவர்கள். ஓர் அடிமைக் கூட்டத்தைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு விடுதலைக்காகப் போரிட்டேன் என்று ஒருவன் சொன்னால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

என் ஐயம் இதுதான். விடுதலை என்ற பேச்சு, போர் முடிந்தபின் வெற்றி பெற்றவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட மாலையா? அல்லது வரிசையில் நின்ற சாதாரண வீரனின் மனத்திலும் அது இருந்ததா? பிற்காலக் கற்பனைகளை ஒதுக்கிவிட்டு, அந்தக் காலத்தை ஒட்டிய சான்றுகளைக் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கலங்கரை

ஐயா, அந்த எண்ணம் அவர்களிடம் இருந்தது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். அதற்குச் சிறந்த சான்று ஒரு நாடக மேடை. சலாமிஸ் போர் நடந்து எட்டே ஆண்டுகளில், கி.மு. 472-இல், எஸ்கிலஸ் தம் ‘பாரசீகர்கள்’ நாடகத்தை ஏதென்ஸில் அரங்கேற்றினார். கப்பல்கள் மோதும் முன் கிரேக்கர் பக்கத்திலிருந்து எழுந்த முழக்கமாக அவர் தருவது இது: கிரேக்கத்தின் மைந்தர்களே, புறப்படுங்கள், தாய்நாட்டை விடுவியுங்கள், உங்கள் மனைவி மக்களையும், குலதெய்வங்களின் கோயில்களையும், முன்னோரின் கல்லறைகளையும் விடுவியுங்கள், எல்லாவற்றுக்குமான போர் இது. எஸ்கிலஸ் மாரத்தானில் தாமே போரிட்டவர். பார்வையாளர் வரிசையில் இருந்தவர்களில் பலர் சலாமிஸில் துடுப்பு வலித்தவர்கள். அவர்கள் முன்னிலையில், அவர்கள் மனத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணித்திருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த முழக்கத்தில் வரும் மனைவி மக்கள், கோயில்கள், கல்லறைகள் ஆகியவை அணிக்காகச் சேர்த்த சொற்கள் அல்ல. பாரசீகத்திடம் தோற்ற நகரத்துக்கு என்ன நேரும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருந்தது. ஆசியா மைனர் கரையிலிருந்த கிரேக்க நகரங்கள் பாரசீக ஆட்சியை எதிர்த்து நடத்திய அயோனியக் கிளர்ச்சியின் முடிவில், கி.மு. 494-இல் மிலீட்டஸ் நகரம் விழுந்தபோது ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டார்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் பாரசீகத் தலைநகர் சூசாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு டைகிரிஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே குடியேற்றப்பட்டார்கள். அந்த வீழ்ச்சியை ஃபிரினிக்கஸ் என்ற நாடக ஆசிரியர் மேடையேற்றியபோது அரங்கமே அழுதது என்றும், சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக ஏதென்ஸ் அவருக்கு 1,000 டிராக்மா தண்டம் விதித்தது என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மாரத்தானுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் எரித்ரியா நகரம் எரிக்கப்பட்டு அதன் மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டார்கள். ஆகவே மாரத்தானில் நின்ற ஏதென்ஸ் உழவனுக்கு விடுதலை என்பது தன் பெண்டு பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிவிடாமல் காப்பது.

அதோடு உள்ளூர் அரசியலும் ஒன்று இருந்தது. கி.மு. 510-இல் ஏதென்ஸிலிருந்து துரத்தப்பட்ட கொடுங்கோலன் ஹிப்பியாஸ், இருபது ஆண்டுகள் கழித்துப் பாரசீகப் படைக்கு வழிகாட்டியாக மாரத்தானில் வந்து இறங்கினான். தோற்றால் அவன் மீண்டும் தலைமேல் ஏறி உட்காருவான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொடுங்கோலர்களின் கீழ் அண்டை நாட்டாரைவிடச் சற்றும் சிறக்காத ஏதேனியர்கள், விடுபட்ட பிறகு போரில் முதலிடத்துக்கு வந்தார்கள் என்றும், எசமானுக்காக உழைத்தபோது வேண்டுமென்றே சுணங்கியவர்கள் தமக்காக உழைத்தபோது முனைந்து நின்றார்கள் என்றும் ஹெரோடோட்டஸ் கூறுவது, உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பொருந்துகிறது.

கி.மு. 479-இல் பாரசீகத் தளபதி மார்டோனியஸ் அனுப்பிய தூதையும் கருத வேண்டும். ஏதென்ஸ் ஏற்கெனவே எரிக்கப்பட்டிருந்தது. நிலத்தைத் திருப்பித் தருகிறோம், வேண்டுமானால் கூடுதல் நிலமும் தருகிறோம், கோயில்களைக் கட்டித் தருகிறோம், உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள், எங்களோடு சேர்ந்தால் போதும் என்பது அவனுடைய வாக்குறுதி. இழக்க இனி வீடுகூட இல்லாத நிலையில் ஏதேனியர்கள் அதை மறுத்தார்கள். இன்னொரு முறை தூது வந்தபோது, ஏற்றுக்கொள்ளலாமே என்று சொன்ன லைசிடஸ் என்ற அவை உறுப்பினரைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் ஏதேனியப் பெண்கள் அவ்வாறே கொன்றார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த விடுதலை உணர்ச்சி மெய்யானது; அதே அளவுக்குக் கொடியதாகவும் இருந்தது.

மறுமொழி 2: மருதநிலம்

மேலே உள்ள மறுமொழி ஏதென்ஸைப் பொறுத்தவரை பெருமளவு சரி. ஆனால் அதை அப்படியே ஸ்பார்ட்டாவுக்கு நீட்டிக்க முடியாது. கிரேக்கர்கள் எல்லாரும் ஒரே அணியில் நின்றதாகவும் கொள்ளக் கூடாது. வெற்றிக்குப் பின் டெல்ஃபியில் நிறுவப்பட்ட பாம்புத் தூணில், இப்போது இஸ்தான்புல்லில் நிற்கும் அதே தூணில், எதிர்த்து நின்ற நகரங்களாகப் பொறிக்கப்பட்டவை 31 மட்டுமே. கிரேக்க நகரங்களோ பல நூறு. ஆர்கோஸ் ஒதுங்கி நின்றது. தீப்ஸ் பாரசீகத்தின் பக்கம் நின்று பிளாட்டியாவில் ஏதேனியர்களோடு மோதியது. ஹாலிகார்னாசஸின் அரசி ஆர்ட்டெமிசியா சலாமிஸில் பாரசீகப் பேரரசன் செர்க்சஸுக்காகக் கப்பல் நடத்தினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அயோனியக் கிளர்ச்சிக்குப் பின், கி.மு. 492-இல், அயோனிய நகரங்களில் கொடுங்கோலர்களை நீக்கிவிட்டு மக்களாட்சியை நிறுவியவன் இதே மார்டோனியஸ்தான். ஒரு பக்கம் முழு விடுதலை, மறு பக்கம் முழு அடிமைத்தனம் என்ற பிரிவினைக்குள் இந்தப் போர் அடங்காது.

இனி தெர்மோபைலே. அங்கே நின்றவர்களின் மனத்தை அறிய எனக்கு மிகவும் உதவியது யூரிட்டஸ், அரிஸ்டோடெமஸ் என்ற இருவரின் கதை. இருவரும் அங்கே நின்ற ஸ்பார்ட்டர் முந்நூற்றுவரில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் கடுமையான கண்நோய். படையை நடத்திய ஸ்பார்ட்ட அரசன் லியோனிடாஸ் அவர்களுக்கு விடை கொடுத்து அனுப்ப, அருகிலிருந்த அல்பெனி என்ற ஊரில் படுத்துக் கிடந்தார்கள். பாரசீகர்கள் மலையைச் சுற்றி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் யூரிட்டஸ் தன் கவசத்தைக் கேட்டு அணிந்துகொண்டு, தன்னைப் போர்க்களத்துக்கு அழைத்துப் போகும்படி தன் ஹெலட்டுக்குக் கட்டளையிட்டான். பார்வையற்ற எசமானைக் கையைப் பிடித்து இட்டுச்சென்ற அந்த ஹெலட், சண்டை நடக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டதும் திரும்பி ஓடிவிட்டான். யூரிட்டஸ் நெரிசலுக்குள் பாய்ந்து இறந்தான். அரிஸ்டோடெமஸ் ஊருக்குத் திரும்பினான். அவனுக்கு நெருப்புக் கொடுக்க ஆளில்லை, அவனோடு பேச ஆளில்லை. நடுங்கி என்றே அவனை அழைத்தார்கள். மறு ஆண்டு பிளாட்டியாவில் அவன் வரிசையை விட்டு முன்னால் பாய்ந்து, வேறு யாரையும்விடத் துணிவாகப் போரிட்டு மடிந்தான். அப்போதும் ஸ்பார்ட்டர்கள் அவனுக்கு மரியாதை செய்யவில்லை. சாக வேண்டும் என்றே வரிசையைக் கலைத்தவன் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்த இருவரையும் உந்தியது விடுதலை வேட்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற மான உணர்ச்சிதான் யூரிட்டஸைக் களத்துக்கு இழுத்தது. அந்த அவமானம்தான் அரிஸ்டோடெமஸைக் கொன்றது. நாடு கடந்து வாழ்ந்த ஸ்பார்ட்ட அரசன் டெமராட்டஸ் செர்க்சஸிடம் சொன்னதாக ஹெரோடோட்டஸ் தரும் வாக்கும் இதையே காட்டுகிறது. ஸ்பார்ட்டர்கள் விடுதலை பெற்றவர்கள், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல; சட்டம் அவர்களுக்கு எசமான்; உம்முடைய ஆட்கள் உமக்கு அஞ்சுவதைவிட அதிகமாக அவர்கள் அதற்கு அஞ்சுகிறார்கள் என்கிறான் அவன்.

ஏதென்ஸுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சலாமிஸை வென்ற கப்பற்படைக்கான பணம் எங்கிருந்து வந்தது? கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தது. அந்தப் பணத்தைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுத் தராமல் போர்க்கப்பல்கள் கட்டச் செலவிட வேண்டும் என்று ஏதேனியத் தலைவர் தெமிஸ்டோக்கிளீஸ் வாதிட்டு வென்றார். லாரியத்தில் வெள்ளி வெட்டியவர்கள் அடிமைகள். அங்கே பல சுரங்கவழிகள் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. விளக்கை வைத்துக்கொண்டு தவழ்ந்தும் படுத்தும்தான் பாறையைக் கொத்த முடியும். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், படைத்தலைவர் நிசியாஸ் தமக்குச் சொந்தமான 1,000 அடிமைகளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் காசு வாடகைக்கு இந்தச் சுரங்கங்களுக்கு விட்டிருந்தார் என்று ஏதேனிய எழுத்தாளர் செனபோன் எழுதுகிறார். ஏதேனியக் குடிமகன் கொண்டாடிய விடுதலையின் செலவை ஏற்றவர்கள் அந்தச் சுரங்கத்துக்குள் இருந்தார்கள்.

பொருநைவாசகன்

இரு மறுமொழிகளுக்கும் நன்றி. யூரிட்டஸை விட்டு ஓடிய அந்த ஹெலட்டின் பெயரைக்கூட ஹெரோடோட்டஸ் தரவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது. இப்போது என் கேள்வி சற்று மாறுகிறது. விடுதலைப் பேச்சுக்கும் அடிமை உடைமைக்கும் இடையே ஒரு முரண் இருப்பதை அந்தக் கிரேக்கர்களே உணரவில்லையா? ஹெலட்டுகள் தங்கள் நிலையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஏதேனும் தடயம் உண்டா?

மறுமொழி 3: ஏட்டுச்சுவடி

முதல் கேள்விக்கு விடை தேட, பிளாட்டியா என்ற ஒரே ஊரில் நின்று பார்ப்பதே நல்லது என்பேன். கி.மு. 479-இல் போர் முடிந்ததும் ஸ்பார்ட்டத் தளபதி பௌசானியாஸ், பிளாட்டியாவின் சந்தை வெளியில் விடுதலை தரும் சீயஸுக்குப் பலியிட்டு, அந்த நகரமும் அதன் நிலமும் என்றும் தன்னுரிமையோடு இருக்கும் என்று கூட்டணியினர் சார்பில் உறுதியளித்தான். களத்தில் கிடந்த பாரசீகப் பொன்னையும் கலங்களையும் திரட்டும் வேலை ஹெலட்டுகளுக்கு இடப்பட்டது. அவர்கள் ஒளித்துவைத்த பொன்னை ஈஜினாத் தீவினர் வெண்கல விலைக்கு வாங்கிக்கொண்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் சொல்கிறார். இறந்தவர்களுக்கு ஸ்பார்ட்டர்கள் மூன்று கல்லறைகள் எழுப்பினார்கள். இரண்டில் ஸ்பார்ட்டக் குடிமக்கள், மூன்றாவதில் ஹெலட்டுகள்.

அந்தக் கல்லறைகளில் ஆண்டுதோறும் நடந்த சடங்கை, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்தும் அது தொடர்ந்து நடந்துவந்த காலத்தில், கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் விவரிக்கிறார். விடியற்காலையில் எக்காளம் ஊதுபவன் முன்னே செல்வான். மிர்ட்டில் தழைகளும் மாலைகளும் நிறைந்த வண்டிகள், ஒரு கறுப்புக் காளை, அதன் பின் பாலும் மதுவும் எண்ணெயும் நறுமணத் தைலமும் தாங்கிய இளைஞர்கள். மற்ற நாள்களில் இரும்பைத் தொடவும் வெண்ணிறம் தவிர வேறு ஆடை உடுக்கவும் கூடாத நகரத் தலைவர், அன்று மட்டும் செந்நீல அங்கி அணிந்து, கையில் வாளோடு வருவார். ஊற்று நீர் முகந்து கல்லறைக் கற்களைத் தம் கையாலேயே கழுவித் தைலம் பூசுவார். காளையைப் பலியிட்டு, மதுவை வார்த்து, கிரேக்கரின் விடுதலைக்காக இறந்த வீரர்களுக்காக அருந்துகிறேன் என்பார். அந்தச் சடங்கில் அடிமை எவனும் எந்தப் பணிக்கும் கை வைக்கக் கூடாது. அங்கே கிடப்பவர்கள் விடுதலைக்காக இறந்தவர்கள் என்பதே அதற்குக் காரணம் என்கிறார் புளூட்டார்க்.

உங்கள் கேள்விக்கான விடை இந்த விதியிலேயே இருக்கிறது என்பது என் துணிபு. முரண் அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. அவர்கள் அதை முரணாகக் கொள்ளாமல் எல்லையாகக் கொண்டார்கள். விடுதலை என்பது மனிதனாகப் பிறந்த எல்லாருக்கும் உரியது என்று அவர்கள் போரிடவில்லை. அது தங்களிடம் இருக்கும் ஓர் உடைமை, அதைப் பிறர் பறிக்கக் கூடாது என்று போரிட்டார்கள். அடிமைகள் கண் முன்னே நடமாடியதாலேயே, அதை இழந்தால் என்ன ஆவோம் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் உறுதியின் ஒரு பகுதி அந்த அறிவிலிருந்து வந்தது.

உடைமையாகக் கருதியதை வலியவன் பெருக்கிக்கொள்ளவும் முடியும். பாரசீகத்தை எதிர்க்க ஏதென்ஸ் தலைமையில் அமைந்த டெலோஸ் கூட்டணியிலிருந்து நாக்சாஸ் தீவு விலக முயன்றபோது ஏதென்ஸ் அதை முற்றுகையிட்டு அடக்கியது. கி.மு. 454-இல் கூட்டணிக் கருவூலம் ஏதென்ஸுக்கே வந்தது. கி.மு. 416-இல் மெலோஸ் தீவு பணிய மறுத்தபோது, பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். மிலீட்டஸுக்காக அழுதவர்களின் பேரப்பிள்ளைகள் செய்த செயல் அது.

பிளாட்டியாவின் முடிவு இன்னும் வேதனை தருவது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனீசியப் போரில் அது ஏதென்ஸின் நட்பு நகரமாக இருந்ததால் ஸ்பார்ட்டர்கள் முற்றுகையிட்டு, கி.மு. 427-இல் பட்டினியால் பணியவைத்தார்கள். ஸ்பார்ட்டாவிலிருந்து ஐந்து நடுவர்கள் வந்தார்கள். இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ஏதேனும் நன்மை செய்தாயா என்ற ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். உங்கள் தந்தையரின் கல்லறைகளைப் பாருங்கள், ஆண்டுதோறும் அவற்றுக்கு ஆடையும் விளைச்சலின் முதற்பயனும் படைத்து வருகிறோமே என்று பிளாட்டியர்கள் மன்றாடியதை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். ஆம் என்று சொல்ல முடியாதவர்களை ஒவ்வொருவராக இழுத்துச் சென்று கொன்றார்கள்: பிளாட்டியர்கள் 200 பேருக்குக் குறையாமல், அவர்களோடு ஏதேனியர்கள் 25 பேர். பெண்கள் அடிமைகளானார்கள். இதைச் செய்த ஸ்பார்ட்டா, கிரேக்கத்தை விடுவிப்பதற்காகவே இந்தப் போரில் இறங்கியதாக அறிவித்திருந்தது.

மறுமொழி 4: நெடுவழி

உங்கள் இரண்டாம் கேள்வி ஹெலட்டுகளைப் பற்றியது. அவர்கள் எழுதிவைத்த எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்கள் செய்தவை இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பார்த்தால், பழங்கிரேக்கத்தில் விடுதலைக்காகவே, வேறு எதற்காகவும் இன்றிப் போரிட்டவர்கள் என்று கூசாமல் சொல்லத் தக்கவர்கள் ஸ்பார்ட்டாவின் அண்டைப் பகுதியான மெசேனியாவின் ஹெலட்டுகள் என்றே நான் கருதுகிறேன்.

மெசேனியாவை ஸ்பார்ட்டா வென்று அடிமைப்படுத்தியபின் அந்த மக்களின் நிலையை, வென்றவர்களின் கவிஞர் டிர்ட்டேயஸே பாடியிருக்கிறார்: பெரும் பாரத்தால் நைந்த கழுதைகளைப் போல, நிலம் தந்த விளைச்சலில் பாதியை எசமானர்களிடம் சுமந்து சேர்த்தார்கள். ஹெலட்டைக் கொன்றால் பழி ஒட்டாதிருக்கும்படி, ஸ்பார்ட்டாவின் எபோர் என்ற ஆட்சியாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் பதவியேற்றதும் அவர்கள்மீது முறைப்படி போர் அறிவித்தார்கள் என்று அரிஸ்டாட்டில் கூறியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். பெலொப்பொனீசியப் போரின்போது, களத்தில் சிறப்பாகப் பணியாற்றியவர்கள் முன்வரலாம், விடுவிக்கிறோம் என்று அழைத்து, 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தலையில் மாலை சூடி, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் கோயில்களை வலம் வந்தார்கள். பிறகு அவர்கள் காணாமற்போனார்கள். ஒவ்வொருவரும் எப்படி அழிக்கப்பட்டார் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் தூசிடிடீஸ். விடுதலை கேட்கும் துணிவு உள்ளவன்தான் முதலில் கிளர்ச்சி செய்வான் என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு. பிளாட்டியாவில் நின்ற 35,000 பேர் ஏன் தப்பி ஓடவில்லை என்று வியப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயினும் நம்பிக்கையை முற்றிலும் அழிக்க முடியவில்லை. ஸ்பார்ட்டத் தளபதி பிராசிடாஸோடு வடக்கே சென்று போரிட்ட 700 ஹெலட்டுகள் திரும்பி வந்தபோது விடுதலை பெற்றார்கள்.

பிளாட்டியா நடந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 464 வாக்கில் ஸ்பார்ட்டாவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அந்த நேரத்தைப் பயன்படுத்தி எழுந்த மெசேனிய ஹெலட்டுகள் இத்தோமே மலையில் அரண் அமைத்துக்கொண்டார்கள். அவர்களை அடக்கத் துணைக்கு வரும்படி ஸ்பார்ட்டா அழைத்தது. மாரத்தான் வீரர் மில்டியாடிஸின் மகன் சைமன் தலைமையில் ஏதேனியப் படை போனது. பாரசீகத்தின் நுகத்தை எதிர்த்த இரு நகரங்களும் அந்த மலைமேல் இருந்தவர்களுக்கு எதிராகக் கைகோத்து நின்றன என்பதை நாம் கடந்துபோகக் கூடாது. நல்ல வேளையாக, ஏதேனியர்கள் கிளர்ச்சியாளர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று ஸ்பார்ட்டா அஞ்சி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஹெலட்டுகள், இறுதியில் குடும்பத்தோடு, ஸ்பார்ட்டா அமைந்திருந்த பெலொப்பொனீஸ் தீபகற்பத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும், திரும்பி வந்து பிடிபட்டால் பிடித்தவனுக்கு அடிமை என்ற உடன்பாட்டின்பேரில் இறங்கி வந்தார்கள். தன் படை திருப்பி அனுப்பப்பட்ட அவமதிப்பால் புண்பட்டிருந்த ஏதென்ஸ் அவர்களை நாபாக்டஸ் துறைமுகத்தில் குடியமர்த்தியது.

பின்தங்கியவர்களுக்கு இன்னும் மூன்று தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது. கி.மு. 371-இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டப் படையை முறியடித்த தீப்ஸின் எபமினோண்டாஸ், 369-இல் அதே இத்தோமே மலையடிவாரத்தில் மெசேனி என்ற நகரத்தை நிறுவினார். சிதறிப்போயிருந்த மெசேனியர்கள் அழைக்கப்பட்டார்கள். அந்த நகரின் மதிலும் ஆர்க்காடிய வாயிலும் இன்றும் நிற்கின்றன. பாரசீகப் போரில் செர்க்சஸோடு நின்ற தீப்ஸ்தான் ஹெலட்டுகளை விடுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்பார்ட்டாவின் முதுகெலும்பை முறிப்பதே எபமினோண்டாஸின் முதல் நோக்கமாக இருந்திருக்கலாம். விடுபட்டவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முரணைக் கிரேக்கர்கள் உணரவில்லையா என்று கேட்டீர்கள். ஒருவராவது உணர்ந்தார். இந்த மெசேனியர்களுக்காக வாதாடி எழுதிய உரையில் அல்சிடமாஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர், இறைவன் எல்லாரையும் விடுதலையோடுதான் விட்டிருக்கிறான், இயற்கை எவரையும் அடிமையாக்கவில்லை என்றார். சில பத்தாண்டுகளுக்குள் அரிஸ்டாட்டில் இயற்கையே சிலரை அடிமைகளாகப் படைக்கிறது என்று வாதிட்டு எழுதினார். பிற்காலத்தார் பெருமளவு படித்தது அவருடைய நூலைத்தான்.

ஸ்பார்ட்டாவோ கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கி.மு. 362-இல் மாண்டினியா போருக்குப் பின் களைத்துப்போன கிரேக்க நகரங்கள் பொது அமைதி உடன்பாட்டுக்கு வந்தபோது, அதில் மெசேனியர்களும் ஒரு தரப்பாகச் சேர்க்கப்பட்டார்கள் என்பதற்காகவே ஸ்பார்ட்டா உறுதிமொழி எடுக்க மறுத்து விலகி நின்றது.